நிக்கலும் கோபால்ற்றும் இடம் மாறிய பக்கம்

இரசாயனவியல் குறிப்புகளில் நிறங்களை நான் ஒருபோதும் சொல்லால் எழுதியதில்லை. கரைசல் நீலம் என்றால் அதன் சூத்திரத்தையே நீலப் பேனையால் எழுதிவிடுவேன். பச்சை என்றால் பச்சைப் பேனை. பரீட்சையில் கண்ணை மூடினால் போதும், நிறம் தானாக வந்து நிற்கும். இந்த உத்தியை வகுப்பில் எல்லோருக்கும் சொல்லித் திரிந்தேன். கேட்காதவர்களுக்கும் சொன்னேன்.

முழுதாக நம்பியவள் கொட்டாஞ்சேனைத் தோழி ஒருத்திதான். உயர்தரப் பரீட்சையில் அவளுக்கு அது மூன்றாவது தடவை, அதாவது கடைசித் தடவை. பகலில் புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் வேலைக்கு நின்றதால், வெள்ளவத்தையில் நடந்த எங்கள் ரியூஷன் வகுப்புக்குப் பாதி நாட்கள் வரமாட்டாள். தவறவிட்டதையெல்லாம் என் கொப்பியைப் பார்த்தே படித்தாள்.

பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது, காலி வீதியில் ஒரு கடையில் அவளுக்காக இரசாயனவியல், கணிதக் கொப்பிகள் இரண்டையும் முழுதாகப் போட்டோகொப்பி எடுத்தேன். தாள்கள் கையில் வந்த பிறகுதான் உறைத்தது: எல்லா நிறமும் கறுப்பாகிவிட்டிருந்தது. கடைக்காரர் முன்னாலேயே நின்று, நிறங்கள் வரும் பக்கத்தில் மட்டும் ஒவ்வொரு சூத்திரத்துக்கும் பக்கத்தில் அதன் நிறத்தைக் கையால் எழுதினேன். பின்னால் வரிசை நின்றது. “இக்மன் கரன்ன நங்கி!” என்று அவர் சிங்களத்தில் அவசரப்படுத்தினார். எழுதி முடித்த பக்கத்தை எனக்கும் ஒரு பிரதி எடுத்துக்கொண்டு ஓடிவிட்டேன்.

இரசாயனவியல் பேப்பருக்கு முதல் நாள் மதியம், மேசையில் அந்தப் பிரதியும் கொப்பியும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. கொப்பியில், அமோனியா சேர்த்த நிக்கல் கடும் நீல மையில் இருந்தது. பிரதியில் அதே நிக்கலுக்குப் பக்கத்தில், என் கையெழுத்தில், மஞ்சட் கபிலம் என்று பழுப்பு நிறம் இருந்தது. நீலம் கோபால்ற்றுக்குப் போயிருந்தது.

அவளுடைய போனைப் பரீட்சை முடியும் வரைக்கும் அவள் அப்பா அலுமாரியில் பூட்டி வைத்திருந்தார். அவருடைய எண்ணுக்கு எடுத்தேன்.

“மக படிக்குது. பரீட்ச முடிய கதைங்க” என்றார். வைத்துவிட்டார்.

கோட்டை ஸ்டேசனுக்கு ரயில், அங்கிருந்து கொட்டாஞ்சேனைக்கு ஓட்டோ. வழியெல்லாம் எனக்கு ஒரே கேள்வி. சொன்னால் அவள் குழம்பிப்போவாளா? சொல்லாமல் விட்டால் அந்தக் கேள்வி வருமா? வராமலும் போகலாம். ஓட்டோவைத் திருப்பச் சொல்ல இரண்டு முறை வாயெடுத்தேன்.

கதவைத் திறந்தது அவள் அம்மா.

“என்னம்மா இது, நாளைக்கு பேப்பர வச்சிக்கிட்டு ஊர் சுத்துறியா?”

“அன்ரி, அஞ்சு நிமிசம். நோட்ஸில ஒரு பிழை. சொல்லிப்போட்டுப் போயிடுவன்.”

தோழி உள்ளேயிருந்து வந்தாள். தலைமுடியை உச்சியில் சேர்த்து ஒரு பென்சிலைக் குத்தியிருந்தாள்.

“நிக்கல்தான் நீலமடி. கோபால்ற்றுத்தான் மஞ்சட் கபிலம். நான் மாத்தி எழுதிப்போட்டன்.”



“ரெண்டு மாசமாடி! டொய்லட் கதவுல ஒட்டி வச்சுப் படிச்சேன். எங்க தம்பிக்கே பாடமாயிருச்சு!”

“மன்னிச்சுக்கொள்ளடி.”

“அத விடு. வேற எங்கயெல்லாம் பிழை விட்டிருக்க?”

“வேற இல்ல. கையால எழுதினது அந்த ஒரு பக்கம் மட்டும்தான்.”

“கணக்கு நோட்ஸ்?”

“அதெல்லாம் சரி.”

“சத்தியமா?”

“ஓம்.”

கணக்கு நோட்ஸை நான் திரும்பச் சரிபார்க்கவேயில்லை. அவள் முகத்தைப் பார்த்தபோது ஓம் என்பதைத் தவிர வேறெதுவும் வாயில் வரவில்லை.

அங்கேயே நின்றபடி அவளைக் கேட்டேன். நிக்கல்? நீலம். கோபால்ற்று? மஞ்சட் கபிலம். நான்கு முறையும் சரியாகச் சொன்னாள். ஐந்தாம் முறை, நிக்கல் என்றதும் வாயைத் திறந்து, “மஞ்” என்று தொடங்கி நிறுத்தினாள்.

“போதும், போ. இன்னும் குழப்பாத பிள்ளைய” என்றார் அவள் அம்மா.

அடுத்த நாள் மண்டபத்தில் வினாத்தாளைத் திருப்பினேன். மூன்றாம் பக்கத்தில் அது இருந்தது. நிக்கல் கரைசலுக்கு அமோனியாவை மிகையாகச் சேர்த்தால் என்ன நிறம்? என் பேனை தன்பாட்டுக்கு எழுதியது. நானோ, கொட்டாஞ்சேனையில் வேறொரு மண்டபத்தில், தலையில் பென்சிலோடு, இதே வரியின் முன்னால் உட்கார்ந்திருப்பவளை நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு வந்த கேள்வியை மூன்று முறை வாசித்தும் மண்டைக்குள் ஏறவில்லை.

பின்னேரம் அவள் அப்பாவின் போனிலிருந்து எடுத்தாள்.

“வந்திச்சு.”

“தெரியும். என்ன எழுதின?”

“ரெண்டு நிறமும் ஞாபகம் இருந்திச்சுடி. எது பழையது, எது நீ திருத்தினது, அதுதான் மறந்துபோச்சு. பத்து நிமிசம் போயிருச்சு.”

“கடைசியா?”

“நீலம்.”

“அப்பாடா!” என்றேன்.

“சந்தோசப்படாத” என்றாள். “அந்தப் பத்து நிமிசத்துல கடைசிக் கேள்வில பாதி போச்சு.” சற்று நிறுத்தி, “கணக்கு நோட்ஸ் சரின்னுதானே சொன்ன? அதத்தான் இப்ப படிக்கப் போறேன்” என்றாள்.

இணைந்த கணிதப் பேப்பருக்கு இன்னும் நான்கு நாட்கள் இருந்தன. போனை வைத்ததும் கணிதக் கொப்பியை எடுத்து முதல் வரியிலிருந்து தொடங்கினேன். எனக்குப் பிடிக்காத யாரோ எழுதியதைப் போல, ஒவ்வொரு வரியையும் சந்தேகப்பட்டு வாசித்தேன். பக்கம் பக்கமாக என் ஆலோசனைகள்: ‘படம் கீறாமல் விசையைத் தொடாதே’, ‘உராய்வின் திசையை முதலில் போடு.’ பத்தாம் பக்கம் வரை எல்லாம் சரியாகவே இருந்தன.

பதினோராம் பக்கத்தில், எளிமை இசை இயக்கத்தின் சமன்பாட்டில், இருக்க வேண்டிய மறைக் குறியை, அந்த ஒற்றைக் கோட்டை (−), காணவில்லை. அதற்குப் பக்கத்தில் கட்டம் கட்டி எழுதியிருந்தேன்: ‘இது கண்ணை மூடிக்கொண்டு எழுதக்கூடியது.’

அவள் அப்பாவின் எண்ணை மீண்டும் எடுத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு ரயிலுக்கு ஓடினேன்.