பழைய தண்ணீரை எங்கே ஊற்றுவது

அண்ணன் போன படகு கவிழ்ந்தது. கூடப் போனவர்கள் கரை சேர்ந்தார்கள், அவன் சேரவில்லை. உடலும் கிடைக்கவில்லை. பட்டினச்சேரியில் மீன் விற்று எங்களை ஆளாக்கிய அம்மா, அதன்பிறகு கடல் இருக்கும் பக்கம்கூடத் திரும்பவில்லை. தலத்தெருவில் இருக்கும் என் வீட்டோடு வந்துவிட்டாள். எங்கள் அடுப்படியில் மீன் வாசமே நின்றுபோனது.

அந்த வீட்டில்தான் நான் உப்புநீர் மீன்தொட்டி வைத்தேன். கடல்மேல் எனக்கும் தீராத கோபம்தான். ஆனாலும் அது இல்லாமல் இருக்க முடியவில்லை. குழாய்த் தண்ணீரை வடிகட்டி, பாக்கெட்டில் வரும் கடலுப்புப் பொடியைக் கலந்து, பாறைகளை அடுக்கி, கொஞ்சம் பவளமும் இரண்டு கோமாளி மீன்களும் விட்டேன்.

"பக்கத்துல கடலை வச்சிக்கிட்டு பாக்கெட்டுல கடல் வாங்குற ஆளு நீங்க ஒருத்தருதான்" என்றாள் மனைவி. காரணம் அவளுக்கும் தெரியும்.

அம்மா முதலில் கேட்டதே, "இது எந்தத் தண்ணி?" என்றுதான். குழாய்த் தண்ணீர் என்று சொன்ன பிறகுதான் கிட்டே வந்து உட்கார்ந்தாள். தொட்டியில் நீர் வற்றினால் நல்ல தண்ணீர் ஊற்றும் வேலையை அவளே எடுத்துக்கொண்டாள். ஏன் உப்புத் தண்ணீர் ஊற்றக் கூடாது என்று ஒருநாள் கேட்டாள்.

"தண்ணிதாம்மா ஆவியாப் போவுது. உப்பு உள்ளயே கெடக்கும்."

"கெடக்கும், கெடக்கும்" என்றாள்.

கோடையில் ஒருநாள் மின்சாரம் போய், தொட்டித் தண்ணீரைச் சுழற்றும் மோட்டார் நின்றது. தண்ணீர் கெட்டு, பவளங்கள் சுருங்கிக்கொண்டன. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. உடனே தண்ணீர் மாற்றியாக வேண்டும், உப்புப் பொடியோ தீர்ந்திருந்தது. கையைப் பிசைந்துகொண்டு நின்றேன்.

"மூச்சுக்குத் தவிக்குதே தம்பி" என்றாள் அம்மா. "வா, கடல்ல போயி எடுத்துட்டு வருவோம்."

பட்டினச்சேரிக் கரையில் நான் கேன்களை நிரப்பி முடிக்கும்வரை கடலுக்கு முதுகைக் காட்டியபடி நின்றாள். மீன்கள் பிழைத்துக்கொண்டன.

அடுத்த வாரம் வழக்கம்போலத் தொட்டியிலிருந்து கொஞ்சம் பழைய தண்ணீரை வாளியில் இறக்கி, கொல்லைச் சாக்கடைக்குக் கொண்டுபோனேன். அம்மா ஓடிவந்து வாளியைப் பிடித்துக்கொண்டாள்.

"சாக்கடையில ஊத்தாத தம்பி. அவன் இருக்குற தண்ணி."

எனக்கு அழுகை வந்துவிட்டது. தண்ணீரைக் கேனில் ஊற்றி மறுபடியும் கரைக்குப் போனோம். இந்த முறை அவள் திரும்பி நிற்கவில்லை. புடவை நனைய இறங்கி, கேனைச் சாய்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். அண்ணன் கடலுக்குக் கிளம்பும்போதெல்லாம் அவனிடம் சொல்வதைத்தான் அப்போதும் சொன்னாள்.

"பாத்துப் போயிட்டு வாய்யா."