மாத்திரை நின்ற பிறகு

இரவு எட்டு மணிக்குக் காஜாக்காவின் போன் ஒரே ஒரு தடவை மணியடித்து ஓயும். அவள் டிரங்குப் பெட்டியைத் திறந்து, பவுடர் டப்பாவுக்குள்ளிருந்து ஒரு மாத்திரையை எடுத்து விழுங்குவாள். பிறகு அதே எண்ணுக்குத் தானும் ஒரு மிஸ்டு கால் கொடுப்பாள். பல வருஷமாக இப்படித்தான்.

சட்டைக் கம்பெனியில் பொத்தானுக்குக் காஜா போடும் மிஷின் அவளுடையது. பெயரும் அதோடு ஒட்டிக்கொண்டது. புருஷன் எச்.ஐ.வி.யை அவளிடம் விட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்தான். சொந்தபந்தமெல்லாம் வாசலோடு நின்றுகொண்டது. வெளியூரில் இருக்கும் தம்பி மட்டும், "மாத்திரையை மறந்துடாதக்கா, நான் ஞாபகப்படுத்துறேன்" என்று இந்த மிஸ்டு காலை ஆரம்பித்தான். பேச மாட்டான், அவன் மனைவிக்குப் பிடிக்காது. மணியடித்தால் போதும், அவள் நிம்மதியாகச் சாப்பிட உட்காருவாள்.

போன வருஷம் ஆஸ்பத்திரி நர்ஸ் புது மருந்தைப் பற்றிச் சொன்னாள்.

"இனிமே தினம் மாத்திரை வேண்டாம்க்கா. ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை வந்து ரெண்டு ஊசி போட்டுக்கிட்டா போதும். தேதி மட்டும் தவறக் கூடாது."

காஜாக்கா கையிலிருந்த ஆஸ்பத்திரிச் சீட்டை மடித்து மடித்துப் பிரித்தாள்.

"என்ன யோசனை? ஊசி போடுற இடத்தை நெனச்சு வெக்கமா?"

"அதெல்லாம் இல்ல சிஸ்டர்."

மாத்திரை நின்றால் மணியும் நின்றுவிடுமே என்று எப்படிச் சொல்வது? ஆனால் அறையில் அவளோடு தங்கியிருக்கும், தைத்த சட்டைகளைச் சரிபார்க்கும் செக்கிங்காரி, "பவுடர்ல கல்லு கலந்து பூசுறீங்களாக்கா, இப்படிக் குலுங்குது?" என்று கேட்டதிலிருந்து அவள் அந்த டப்பாவைத் துணியில் சுற்றி ஒளித்து வைத்துக்கொண்டிருந்தாள். ஊசிக்குச் சம்மதித்தாள்.

தம்பியிடம் சொல்லவில்லை. மணி வந்ததும் ஒரு டம்ளர் தண்ணீர் குடிப்பாள். விழுங்கும் நேரம் பொறுத்து, மிஸ்டு கால் கொடுப்பாள்.

ஒருநாள் கம்பெனியில் ஓவர்டைம். போனை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். வேலை முடிந்து வாங்கிப் பார்த்தால் வரிசையாகத் தம்பியின் அழைப்புகள். கையிலிருக்கும்போதே மறுபடி அடித்தது. இந்தத் தடவை ஓயவில்லை. எடுத்தாள்.

"என்னக்கா ஆச்சு? மாத்திரை போட்டியா இல்லியா? எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல."

குரல் அப்படியே அப்பாவுடையது போல ஆகியிருந்தது. இன்னும் கொஞ்சம் திட்டட்டும் என்றிருந்தது அவளுக்கு. ஆனால் அவன் பதறுவதைக் கேட்டுக்கொண்டு பொய் சொல்ல வாய் வரவில்லை.

"மாத்திரை நின்னுபோச்சுடா. இப்ப ஊசிதான்."

"எப்பலேர்ந்து?"

"மூணு தடவை போட்டாச்சு."

"அப்ப தினம் எதுக்கு மிஸ்டு கால் குடுத்த?"

"நீ குடுத்தியே, அதான்."

தம்பி சிரித்தான். "நல்லா ஏமாத்தினே போ. சரி, நல்லதுதானே. எனக்கும் ஒரு வேலை மிச்சம்."

கோபமாகச் சொல்லவில்லை. தலையிலிருந்து சுமையை இறக்கிவைத்தவன் போலத்தான் சொன்னான். போனை வைத்துவிட்டான்.

காஜாக்கா தேதி தவறாமல் ஊசிக்குப் போகிறாள். பரிசோதனையில் கிருமி தென்படுவதில்லை. உடம்பு நன்றாக இருக்கிறது. தம்பியின் போன் வருவதில்லை.