புது பிரவுசருக்கு வைத்த பரீட்சை

மருத்துவமனையின் தொலைபேசி அறையில் அவருக்குத் துப்பறிவாளர் என்று பெயர். நோயாளிகளுக்கு டாக்டரைப் பார்க்க நேரம் ஒதுக்கிக் கொடுப்பது வேலை, இருபத்தாறு வருடமாகிறது. தண்ணீர் கேன் மாறினால்கூட முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பார். அவருடைய கணினியில் ஒரு திங்கட்கிழமை கேட்காமல் கொள்ளாமல் புது பிரவுசரைப் போட்டுவிட்டுப் போனார்கள். உடனே அவருக்கு மூக்கு வேர்த்துவிட்டது.

பழையது அழுது வடிந்தாலும் பழகினது. இது பளிச்சென்று இருந்தது, பக்கங்கள் சட்டென்று திறந்தன, அதுவே பிடிக்கவில்லை. உங்களை யாரும் வேவு பார்க்க மாட்டார்கள் என்று முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தது. கேட்காமலே சத்தியம் பண்ணுகிறவனை அவர் எந்தக் காலத்தில் நம்பினார்? போதாக்குறைக்கு, பழையதில் சேமித்து வைத்திருந்ததெல்லாம் இதில் வந்து உட்கார்ந்திருந்தது. எப்படி வந்தது என்று பக்கத்து இருக்கைப் பெண்ணைக் கேட்டார்.

"அதுவே எடுத்துக்கும்ணே," என்றாள்.

அன்று முழுக்க அவர் அதில் சொந்தமாக எதையும் தேடவில்லை.

காரணம் இருந்தது. இடது காது போய் ஒரு வருடமாகிறது. வலதும் மந்தம்தான்; அதில் ஹெட்செட்டை முழுச் சத்தத்தில் வைத்து ஒப்பேற்றிக்கொண்டிருந்தார். மனைவிக்கு மட்டும்தான் தெரியும். இங்கே தெரிந்தால் கோப்பு அறைக்குத் தள்ளிவிடுவார்கள். போன வருடம் ஒருவரைத் தள்ளினார்கள். வெளியே தெரியாத காதுக் கருவி இருக்கிறதாம், பாருங்களேன் என்று மனைவி நச்சரித்தாள். கைப்பேசியில் தேடமாட்டார். அது கூடவே படுத்துக்கொள்ளும் ஒற்றன் என்பது அவர் கட்சி.

ஆகவே பிரவுசருக்கு ஒரு பரீட்சை வைத்தார். ஒட்டகம் விலைக்குக் கிடைக்குமா என்று தேடினார். வேவு பார்க்கிற சாமானாக இருந்தால் நாளைக்கே ஒட்டக விளம்பரமாகக் கொட்டுமே! மூன்று நாள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். ஒரு ஒட்டகமும் வரவில்லை. நான்காம் நாள், எல்லோரும் சாப்பிடப் போனபிறகு, காதுக் கருவியைத் தேடினார்.

அந்த அறையின் ஆறு கணினிகளுக்கும் புது பிரவுசரில் ஒரே கணக்கு. ஒன்றில் தேடியது மற்ற ஐந்திலும் போய் நிற்கும். பாவி மனிதர், உலகத்திலுள்ள விளம்பரக்காரர்களையெல்லாம் சந்தேகப்பட்டாரே தவிர, அடுத்த மேசையைச் சந்தேகப்படவில்லை.

வெள்ளிக்கிழமை காலை, மேற்பார்வையாளர் அம்மாள் காது மூக்கு தொண்டை டாக்டரின் நேர அட்டவணையைத் திறக்கக் 'காது' என்று தட்டினார். கீழே தானாக வந்து நின்றதைப் படித்தார். அவர் மேசை துப்பறிவாளருக்கு இடது பக்கம், கொஞ்சம் பின்னால்.

"காதுக் கருவி தேடினது யாருப்பா?" என்று கேட்டார். கோபமாகக்கூட இல்லை.

நான்கு தலைகள் திரும்பின. துப்பறிவாளர் ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு, ஒரு நோயாளியின் பெயரை நிதானமாகத் தட்டிக்கொண்டிருந்தார். அம்மாள் இன்னும் சத்தமாகக் கேட்டார். துப்பறிவாளர் அடுத்த பெயருக்குப் போனார்.

பக்கத்து இருக்கைப் பெண் அவர் கையைத் தொட்டாள். நிமிர்ந்தார். எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏம்மா, மேடம் ஏதாவது கேட்டாங்களா?" என்றார்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.