மூன்றாம் ஓலைக்கு முந்தின நாள்

சனிக்கிழமை காலை வேனில் இருந்தவர்கள்: ஓட்டியது நான். பக்கத்தில் என் மகன் சாமுவேல், மாப்பிள்ளை. பின்னால் ரூத், காலமாகிப்போன என் மனைவியின் தங்கை, தட்டு தூக்க வந்தவள். காஜாங்கில் ஏறிய எஸ்தர், மணப்பெண். அவளுடைய தாய்மாமன் ஏபிரகாம். தகப்பன் இல்லாத பெண்ணை வளர்த்தவர் அவர்தான்.

பத்திரிகை வைக்க இரண்டு வீட்டாரும் சேர்ந்து போவது எங்கள் வழக்கம். அதனால் அவர் வந்தார். இல்லாவிட்டால் வந்திருக்க மாட்டார்.

கிள்ளானிலிருந்து ஆறே முக்காலுக்குக் கிளம்பினோம். காஜாங் ஐம்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. பாசார் பக்கம் நின்று தே தாரிக், நுரைக்க ஆற்றிய டீ, குடித்தோம். ஒரு கிளாஸ் இரண்டு வெள்ளி ஐம்பது காசு. எட்டரைக்கு அவர்கள் இரண்டு பேரும் ஏறினார்கள்.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். சாமு காலேஜில் உயிரியல் வாத்தியார். சபை வாலிபர் கூட்டத்தில் ஒரு பெண் கேட்டாள், மனுஷன் குரங்கிலிருந்து வந்தானா என்று. குரங்கிலிருந்து இல்லை, நமக்கும் சிம்பன்சிக்கும் ரொம்பக் காலத்துக்கு முன் ஒரே மூதாதை, எலும்பும் சொல்கிறது, ரத்தமும் சொல்கிறது என்றான். அதனால் தன் விசுவாசம் குறையவில்லை என்றும் சொன்னான். யாரோ போனில் பிடித்து அனுப்பிவிட்டார்கள். கடைசியில் சொன்னது அதில் இல்லை. அது காஜாங் வரை போய்விட்டது.

எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று போதகர் கேட்பார். தடை உள்ளவர் எழுந்து நிற்க வேண்டும். இரண்டு ஓலை ஆகிவிட்டது. மூன்றாவது மறுநாள், கிள்ளானில். அதற்குமுன் சாமு சபையார் முன்னால் தான் சொன்னது தப்பு என்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் எழுந்து நிற்பேன் என்று ஏபிரகாம் சொல்லியிருந்தார். வளர்த்தவர் எழுந்தால் எஸ்தர் அதை மீறிக் கட்டமாட்டாள். அது எல்லாருக்கும் தெரியும்.

முன்பெல்லாம் அவனை மாப்ள என்பார். வீடியோ வந்தபிறகு தம்பி என்றுதான் கூப்பிட்டார்.

பத்துமலைக்கு நாற்பது கிலோமீட்டர். அம்பாங் திரும்புமுன்பே பேச்சு ஆரம்பித்துவிட்டது. ஏபிரகாம் ஏர்கான் மெக்கானிக். முப்பது வருஷம் கம்ப்ரஸர் பிரித்தவர். ஒரு பாகத்தை எடுத்தால் மொத்தமும் நின்றுவிடும், கண்ணும் அப்படித்தான், ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தது என்றால் சேருகிறவரைக்கும் எப்படி ஓடியது என்று கேட்டார். யோசித்துச் செய்தவர் ஒருவர் இல்லாமல் முடியாது என்றார்.

சாமு டாஷ்போர்டைத் தட்டினான்.

"இந்த வேனையே எடுத்துக்குங்க அங்கிள். அப்பா வாங்கினப்ப இருந்தது இதுல என்ன மிச்சம்? கியர்பாக்ஸ் மாறிருச்சு, எஞ்சின் மாறிருச்சு. ஓடிக்கிட்டேதான் மாறிச்சு."

"மாத்தினது ஒங்கப்பா லா. தானா மாறல."

ரூத் சிரித்துவிட்டாள். சாமுவும் கொஞ்சம் சிரித்தான். நான் ரோட்டைப் பார்த்தேன். என்னை அதில் இழுத்தது பிடிக்கவில்லை.

நெரிசலில் ஊர்ந்து பத்தரைக்குப் பத்துமலை. வண்டி நிறுத்த ஐந்து வெள்ளி. வராதவர்களுக்குச் சொல்கிறேன்: சுண்ணாம்புக் குன்று, முன்னால் பொன் நிறத்தில் முருகன், பக்கத்தில் ஏறிப்போகும் படிகளுக்கு ஏழு நிறத்தில் பெயிண்ட். இன்னொரு பக்கம் பச்சையாக அனுமார் நிற்கிறார். சனிக்கிழமைக் கூட்டம். புறாக்களும் குரங்குகளும் அதற்கு மேல்.

என் அக்கா தனலெட்சுமிக்கு அங்கே பூக்கடை. நான் பிறந்த வீடு இந்து வீடு. கல்யாணத்துக்காக ஞானஸ்நானம் எடுத்தேன். அக்கா ஒரு வார்த்தை சொல்லவில்லை அப்போது. அதனால் முதல் பத்திரிகை அவளுக்குத்தான் என்று வைத்திருந்தேன்.

தட்டை நீட்டும்போது கடைக் கூரையிலிருந்து ஒரு குரங்கு இறங்கி வாழைப்பழத்தை எடுத்துக்கொண்டது. எங்களைப் பார்த்துக்கொண்டே உரித்தது.

"தம்பி, ஒங்க பெரியப்பா வந்துட்டாரு. அவருக்கும் ஒரு பத்திரிகை வைங்க," என்றார் ஏபிரகாம்.

எல்லாரும் சிரித்தோம். அன்றைக்குச் சேர்ந்து சிரித்தது அதோடு சரி.

அக்கா என்ன சங்கதி என்று கேட்டாள். எஸ்தர் மெதுவாகச் சொன்னாள். அக்கா பூத் தொடுப்பதை நிறுத்தவில்லை.

"இங்க வர்றவங்க அவர கும்பிட்டுட்டுத்தான் உள்ள போறாங்க," என்று அனுமார் பக்கம் மோவாயைக் காட்டினாள். "நீங்க என்னமோ கொரங்குன்னா மானம் போயிருச்சுங்கறீங்க."

"கும்பிடறது வேற, அதோட வழியில பொறந்தேன்கறது வேறம்மா."

"எதுவா இருந்தா என்னண்ணே. புள்ள மொகத்தப் பாருங்க. சாப்பிட்டு எத்தன நாளாச்சோ."

ஏபிரகாம் எஸ்தரைப் பார்த்தார். பிறகு வேனைப் பார்த்து நடந்தார்.

பன்னிரண்டரைக்கு பிரிக்பீல்ட்ஸ். பதினைந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம் ஆனது. கூறைப்புடவை வாங்குவதாக ஏற்பாடு. முதலில் சாப்பாடு என்றான் சாமு. வாழையிலைச் சாப்பாடு ஆளுக்குப் பதின்மூன்று வெள்ளி. கறி தனி. சுற்றி ஆபீஸ் ஆட்கள், சத்தம், பாட்டு.

ஏபிரகாம் ரசம் ஊற்றிக்கொள்ளும்போது பேசினார். அவர் குரல் வேனில் இருந்ததுபோல் இல்லை. அவருக்கு ஒரே பெண், மெர்சி. ஏழு வயதில் போய்விட்டாள். எனக்குத் தெரியும். சாமுவுக்கும் தெரியும்.

"நான் கம்ப்ரஸருக்காகப் பேசல தம்பி. எம்புள்ளைய ஒருத்தர் நெனச்சுச் செஞ்சாருன்னு நம்பித்தான் இருக்கேன். சும்மா வந்தா, சும்மா போனான்னு நீ சொல்ற."

"நான் அப்பிடிச் சொல்லல அங்கிள்."

"வேற என்னா சொல்ற?"

சாமு தலையைத் தூக்கினான். வாத்தியார் முகம். எனக்கு அது தெரியும். நிறுத்தியிருக்கலாம், கை எட்டும் தூரம்தான்.

"அப்ப அவ இருதயத்துல இருந்த ஓட்டையையும் நெனச்சுத்தான் வச்சாரா?"

ரூத் தண்ணீர் கிளாஸைக் கீழே வைத்தாள். பக்கத்து மேசையில் யாரோ அப்பளம் கேட்டார்கள்.

ஏபிரகாம் சோற்றை இலைக்கு நடுவில் ஒதுக்கினார். இலையை மடித்தார். நாங்கள் சாப்பிட்டு நிறைந்தால் மேலிருந்து எங்கள் பக்கம் மடிப்போம். அவர் கீழிருந்து அந்தப் பக்கம் மடித்தார். எழவு வீட்டில் அப்படி மடிப்பார்கள். கை கழுவினார். தன் சாப்பாட்டுக்குக் கல்லாவில் தானே கொடுத்தார். ஸ்டேஷன் பக்கம் நடந்தார்.

எஸ்தர் எழுந்தாள். "மாமா தனியா போகக் கூடாது," என்றாள். சாமுவைப் பார்க்கவில்லை. அவளும் போனாள். முஸியம் நெகாரா ஸ்டேஷனில் எம்.ஆர்.டி. ஏறினால் காஜாங் வரை ஒரே ரயில்.

புடவைக் கடை எதிரில்தான். ரூத் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு வந்தாள். மூன்று பேரும் வேனில் ஏறினோம். கிள்ளானுக்கு முப்பத்தைந்து கிலோமீட்டர். ஃபெடரல் ரோட்டில் இப்போது டோல் இல்லை, நிற்க வேண்டிய இடமும் இல்லை. நானும் நோயில் கிடந்த மனைவி பக்கத்தில் எட்டு மாதம் உட்கார்ந்தவன். யார் செய்தது, ஏன் செய்தது என்று நான் கேட்கவில்லை. தலையணையைத் திருப்பிப் போட்டேன். கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஏதாவது ஒரு பதில் வேண்டும். ஏபிரகாம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு இருந்தார்.

ஷா ஆலம் தாண்டும்போது சாமு சொன்னான், "அப்பா, காஜாங்குக்குத் திருப்புங்க."

திருப்பினேன்.

எஸ்தர் கதவைத் திறந்தாள். ஏபிரகாம் நாற்காலியிலிருந்து எழவில்லை. வெளியே போ என்றும் சொல்லவில்லை. சாமு தரையில் உட்கார்ந்தான்.

"அங்கிள், அந்தக் கேள்விய நான் ஒங்ககிட்ட கேட்டிருக்கக் கூடாது. மன்னிச்சிருங்க. மெர்சியப் பத்திச் சொல்லுங்க."

ஏபிரகாம் சாமுவைப் பார்த்தார். பிறகு சொன்னார். மெர்சி மின்விசிறி முன்னால் உட்கார்ந்து பாடுவாளாம், குரல் துண்டு துண்டாகத் திரும்பி வருவதைக் கேட்க. ரிப்பேருக்கு வந்த விசிறி ஒவ்வொன்றையும் அவள்தான் முதலில் பாடிப் பார்ப்பாளாம். மூச்சு வாங்கும், அப்படியும் விடமாட்டாளாம். சரியாக ஓடுகிறது அப்பா, கொடுத்துவிடலாம் என்பாளாம். இன்னும் நிறையச் சொன்னார். ரூத் அழுதாள். வடிவமைப்பு, மூதாதை என்று யாரும் பேசவில்லை.

நாங்கள் கிளம்பும்போது ஏபிரகாம் வாசலில் நின்று சாமுவைக் கேட்டார்.

"நாளைக்கு மாத்திச் சொல்லுவியா?"

"மாட்டேன் அங்கிள். பொய் சொல்லி எஸ்தரக் கட்டினா ஒங்களுக்கும் அது நல்லதில்ல."

அவர் கேட்டைப் பூட்டினார். வருவாரா, எழுவாரா என்று தெரியாமல் வீட்டுக்கு வந்தோம்.

ஞாயிறு ஒன்பது மணி ஆராதனை. எஸ்தர் வந்தாள், அவரும் வந்தார். ரயிலில் வந்திருந்தார்கள். அவர் எனக்கு முன் வரிசையில் ஓரத்தில் உட்கார்ந்தார். விசுவாசப் பிரமாணம் எல்லாரும் சொன்னோம். படைத்தார் என்று அதில் இருக்கிறது. எப்படி என்று இல்லை. முப்பத்தைந்து வருஷமாகச் சொல்கிறேன், அன்றைக்குத்தான் கவனித்தேன்.

போதகர் மூன்றாம் ஓலையை வாசித்தார். தடை உண்டா என்று கேட்டார். கேட்டுவிட்டுக் கொஞ்சம் பொறுப்பது வழக்கம். ஏபிரகாம் முன் பெஞ்சின் விளிம்பைப் பிடித்தார். எழப்போகிறவர்கள் அப்படித்தான் பிடிப்பார்கள். விரல் வெளுத்தது. தலைக்கு மேல் விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அவர் நிமிர்ந்து அதைப் பார்த்தார். கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

போதகர் பாட்டு எண் சொன்னார்.

வெளியே வெயில். நான் வேனை எடுத்தேன். ரூத், எஸ்தர், சாமு ஏறினார்கள். ஏபிரகாம் ரோட்டோரம் நின்றார். ஸ்டேஷனுக்கு நடப்பார் என்று நினைத்தேன். வந்து கதவைப் பிடித்தார்.

"நீ சொன்னது தப்புன்னுதான் இன்னமும் சொல்றேன், மாப்ள."

"சரிங்க அங்கிள்."

"அந்தப் பொடவக் கடை ஞாயித்துக்கெழம தொறந்திருக்குமா?"

திறந்திருக்கும் என்றாள் ரூத். அவர் ஏறிக் கதவை இழுத்துச் சாத்தினார். பிரிக்பீல்ட்ஸ் பக்கம் திருப்பினேன். கண்ணாடியில் பார்த்தேன்.

வேனில் ஐந்து பேர்.