நாற்பத்தொரு மார்க்

அமெரிக்காவில், நெப்ராஸ்காவின் அந்தச் சிற்றூரில் வெள்ளிக்கிழமை ஆட்டத்தை மழைகூட நிறுத்தாது. லோர்னா ஹ்ருஸ்கா நிறுத்துவாள். ஹெல்மெட் மாட்டிக்கொண்டு ஆளோடு ஆள் மோதி ஆடும் அமெரிக்க ஃபுட்பாலில், பள்ளி அணியில் அடிபட்டவர்களைப் பார்த்துக்கொள்ளும் டிரெய்னர் அவள். இருபத்திரண்டு வருடமாக ஊராரின் திட்டுதான் அவளுக்குப் போனஸ்.

எவன் தலையிலாவது அடிபட்டால் முதல் வேலையாக அவன் ஹெல்மெட்டைப் பிடுங்கித் தன் கார் டிக்கியில் பூட்டிவிடுவாள். "இனி இறங்க மாட்டேன் மிஸ்" என்று சத்தியம் செய்தவன் கண் இமைக்கும் நேரத்தில் மைதானத்துக்குள் நழுவியதை எத்தனை தடவை பார்த்திருக்கிறாள்! பிறகு கணினியில் ஞாபகச் சோதனை. சீசனுக்கு முன் ஆகஸ்டில் எடுத்த மார்க்கை மறுபடி தொட்டால்தான் நடை, ஓட்டம், மோதாத பயிற்சி, மோதும் பயிற்சி, கடைசியில் ஆட்டம். ஒரு படிக்கு ஒரு நாள். தலை வலித்தால் ஒரு படி கீழே.

இந்த முறை அடிபட்டவன் டிரெண்ட் வாவ்ரா. அணியிலேயே வேகமானவன், கணக்கில் வகுப்பிலேயே முதல். ஒரு வாரம் ஆயிற்று. இன்னும் ஏழே நாளில் பக்கத்து ஊரோடு ஆட்டம். காபிக் கடையில் லோர்னாவுக்கு மட்டும் ஆறிய காபி வந்தது. கல் நெஞ்சங்கள் இளக வேண்டும் என்று ஜெபித்த பாதிரியார் அவளைப் பார்த்தே ஜெபித்தார்.

இன்று சோதனை முடிந்தது. ஆகஸ்டில் நூற்றுக்கு நாற்பத்தொன்று, இப்போதும் நாற்பத்தொன்று. கோச் ஆஸ்டர்கிரென் துள்ளிக் குதிக்காத குறை. பையன் தேறிவிட்டான், நாளைக்கே நடக்க விடலாம் என்றார். லோர்னா அவரை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினாள். கணக்குப் புலிக்கு நாற்பத்தொன்றா? அதற்கு மெனக்கெட்டுத் தப்பாக எழுத வேண்டுமே.

"ஆகஸ்ட்ல வேணும்னேதானே கோட்டை விட்டே?"

டிரெண்ட் அசட்டுச் சிரிப்புச் சிரித்தான். "எல்லாரும் அப்படித்தான் மிஸ். சீனியருங்க சொல்லிக் கொடுக்கிறதுதான். அப்ப கம்மியா எடுத்து வச்சா, அடிபட்டப்புறம் ஈஸியா தொட்டுடலாம்ல."

"கெட்டிக்காரன்டா நீ." அவளுக்கும் சிரிப்பு வந்தது. அடுத்த கேள்வியைக் கேட்கும்போது அது இல்லை. "சரி, இன்னிக்கும் வேணும்னே தப்பா எழுதினியா?"

அவன் திரையைப் பார்த்தான். இரண்டு எண்களையும் மாறி மாறிப் பார்த்தான். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது.

"இல்ல மிஸ்," என்றான். "இன்னிக்கு உயிரைக் கொடுத்து எழுதினேன்."