ஏட்டையா கூட்டிய சாட்சி

இந்த நூற்றாண்டு பிறந்த புதிதில், ஸ்ரீவில்லிபுத்தூர் கடைத்தெருவில் நடந்தது. நான் ராஜபாளையத்து ஜவுளி வியாபாரி; துணி மூட்டையுடன் ஊர் ஊராகப் போகிறவன். போலீஸ் ஏட்டு ஒருவர் நல்ல வேஷ்டியாகப் பார்த்து எடுத்து, இனாமாகக் கேட்டார். மறுத்தேன். உடனே மூட்டை முழுவதும் திருட்டுத் துணியாகிவிட்டது! என் தலைப்பாகையாலேயே என் கைகளைக் கட்டி, தெரு முழுக்க நடத்திக்கொண்டு போனார். கடைக்குக் கடை நின்று ஆட்களை வேறு கூப்பிட்டுக் காட்டினார்.

சாயங்காலம் வழக்கு ஏதுமில்லாமல் விட்டுவிட்டார்கள். ஆனால் அந்த ஊரில்தான் என் மகளுக்கு மாப்பிள்ளை பேசியிருந்தோம். மாப்பிள்ளையைப் பெற்ற அத்தா, கொஞ்ச நாள் போகட்டும் என்று சொல்லியனுப்பினார்.

ஏட்டின் மேல் முன்சீப் கோர்ட்டில் நஷ்டஈட்டு வழக்குப் போடலாம் என்றார் ஒரு வக்கீல். போலீஸ் மேலேயா என்று வாயைப் பிளந்தேன். போட்டோம். சாட்சிக்குத்தான் ஆளில்லை. கோர்ட்டு வாசலிலும் கடைத்தெருவிலும் மோர் விற்கும் அம்மாள் எல்லாவற்றையும் பார்த்தவள். கேட்டதற்கு, "நாளைக்கும் நான் இதே தெருவுலதான மோர் விக்கணும், ராவுத்தரே" என்று கும்பிட்டுவிட்டாள். பாவம், அவள் என்ன செய்வாள்!

விசாரணையன்று ஏட்டு கூண்டில் ஏறினார். சத்தியம் செய்த வாயின் ஈரம் காய்வதற்குள், "விசாரிக்கக் கூப்பிட்டேன், அவராத்தான் நடந்து வந்தாரு. நான் கட்டவுமில்ல, தெருவுல ஒரு ஈ காக்காகூட இல்ல" என்றார்.

வாசல்பக்கம் குபீரென்று ஒரு சிரிப்பு. மோர்க்கார அம்மாள்தான்! முந்தானையால் வாயைப் பொத்தியும் அடங்கவில்லை. முன்சீப் அவளை முன்னால் வரச்சொல்லி, எதற்குச் சிரித்தாய் என்று கேட்டார்.

"தப்புதான் சாமி. இந்த ஏட்டையாதான், 'ஏட்டி, பானைய எறக்கி வச்சிட்டு இந்தக் கள்ளப்பயல நல்லாப் பாத்துக்கோ'ன்னாவ. எறக்குனேன், பாத்தேன். அவசரத்துல எம்புட்டு மோரு கொட்டிப்போச்சு! இப்ப ஆளே இல்லங்காவ!"

கோர்ட்டே சிரித்தது. அதற்குப் பிறகு கடைக்காரர்களும், என்னையும்தான் கூப்பிட்டார் என்று ஒவ்வொருவராகச் சாட்சி சொல்ல வந்தார்கள்.

வெளியே வந்தால், மாப்பிள்ளையின் அத்தா நிற்கிறார்! கூட்டத்தோடு உட்கார்ந்து கேட்டிருக்கிறார். "சிரிச்சு சிரிச்சு வயிறே வலிக்கி. நிக்காஹுக்கு நாளக் குறிங்க, சம்பந்தி" என்று என் கைகளைப் பிடித்துக்கொண்டார். நடுத்தெரு என்றும் பார்க்காமல் அழுதுவிட்டேன்.

ஏட்டு தம் கைப்பணத்திலிருந்தே நஷ்டஈடு கொடுக்கவேண்டும் என்று பின்னால் தீர்ப்பானது. போலீஸையும் கூண்டில் ஏற்ற சட்டத்தில் வழி இருந்தது. ஆனால் ஏறியவரைப் பார்த்து முதலில் சிரிக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. அந்த அம்மாளுக்கு என் குடும்பமே கடமைப்பட்டிருக்கிறது.