ஒரு காலையில் பதினைந்து வயது

தாடையைப் பிடித்துத் திருப்புவதுதான் முதல் பாடம். வலது கையால் இட்லித் துணியை உரித்துக்கொண்டே இடது கையால் அதைச் செய்துவிடுவாள். மரத்தடியில் கட்டியிருக்கும் ஆட்டுக்குட்டியை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த பெண்ணின் முகம் ஆலைக் கதவுப் பக்கம் வந்து நிற்கும். "அங்கயே பாரு அம்மணி. பதினஞ்சு வயசுக்காரிக்கு ஆட்டுக்குட்டி கண்ணுல படாது" என்பாள் கனகம்.

துடியலூர் தாண்டி மேட்டுப்பாளையம் சாலையில், ஒரு பஞ்சாலையின் வாசலுக்கு எதிரே கீற்றுக்கொட்டகையில் அவளுடைய இட்லிக் கடை. ஆள் எடுக்கும் நாளில் ஆலைக்குள் ஒரு டாக்டர் உட்கார்ந்து வந்தவர்களைப் பார்ப்பார். பதினைந்து ஆகிவிட்டது என்று அவர் தலையசைத்தால் முழு நாள் வேலை, முழுச் சம்பளம். பிறந்த தேதி யாரிடமும் கிடையாது. காளை மாடு செத்த வருஷம், கிணறு வற்றிய வருஷம் என்று சொன்னால் டாக்டருக்குப் புரிவதில்லை. ஆகவே அவர் ஆளைப் பார்க்கிறார். அவர் எதைப் பார்க்கிறார் என்பதைக் கனகம் பார்த்து வைத்திருக்கிறாள்.

விடியலில் வருகிற பன்னிரண்டு வயதுப் பெண், ஆலைச் சங்கு ஊதுவதற்குள் பெரியவளாகிவிட வேண்டும். கனகம் அவளுக்குச் சீலை கட்டிவிட்டுக் கொண்டையை இறக்கிப் போடுவாள். பிறகு வாய்ப்பாடம். "காலை மாத்தி மாத்தி நிக்கக் கூடாது. கேட்டா ஒடனே பதில் சொல்லீராதே. முந்திய இழுத்துச் செருகிட்டு அப்பறம் சொல்லு. டாக்டரய்யா பெப்பர்மிண்டு குடுப்பாரு. வாயில போட்டுக்காதே! முந்தியில முடிஞ்சு வெச்சுக்கோ." மிட்டாயை உடனே வாயில் போட்டால் குழந்தை, முடிந்து வைத்தால் பெரிய மனுஷி என்பது அந்த டாக்டரின் வைத்தியம். இதற்காக அவர் சென்னைக்குப் போய்ப் படித்துவிட்டு வந்திருக்கிறார்.

வயதைப் பற்றிக் கனகத்துக்கென்று ஒரு சித்தாந்தம் உண்டு. பஸ்ஸுக்குக் காத்திருக்கிற சாக்கில் அங்கே இட்லி தின்னும்போது நான் கேட்டதுதான். "பத்து வயசு வரைக்கும் வயசு காலுல இருக்குதுங்க, நிக்க உடாது. பதினஞ்சுல கண்ணுக்கு ஏறிக்கும், நெலத்தையே பாக்கும். கண்ணாலம் ஆச்சுன்னா தோளுக்கு வந்துரும். அம்பதுல முட்டிக்கு எறங்கீரும். அதுக்கப்பறம் வாயில வந்து உக்காந்துக்கும், எந்திரிக்கவே எந்திரிக்காதுங்க." என் வயது எங்கே இருக்கிறது என்று கேட்டேன். என் இலையைப் பார்த்தாள். "ஆறு இட்லி ஆச்சுங்க" என்றாள்.

எதிர்த்திசையிலும் வேலை நடக்கும். ஆலைக் காவலாளி பொங்கியண்ணன் பேரன் எடுத்தவர். கிழவர்களைக் கழிக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு ஓடி வந்தார். நரை மீசையை எடுக்கச் சொன்னாள். முட்டியில் கை ஊன்றாமல் எழுந்திருக்கப் பழக்கினாள். மீசையில்லாத முகத்தைப் பார்த்துப் பேரன் அலறினானாம். வேலை தங்கிவிட்டது.

இதற்கெல்லாம் கூலி கிடையாது. வேலை கிடைத்தவர்கள் வேறு கடையில் கை நனைப்பதில்லை, அவ்வளவுதான்.

சென்ற மாதம் அவள் மகள் குழந்தையம்மாளின் முறை வந்தது. பதினொரு வயது. கொட்டகைக்குப் பின்னால் எந்நேரமும் கல்லைத் தூக்கிப் போட்டுப் பிடித்துக் கல்லாங்காய் ஆடிக்கொண்டிருக்கும். கனகத்தின் புருஷன் மாரப்பனுக்கு ஆலைப் பஞ்சு நெஞ்சில் இறங்கி, இருமலோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இட்லிச் சட்டி ஒன்றை வைத்துக் குடும்பம் நடக்காது என்பது அவன் கட்சி. "ஊரான் ஊட்டுப் புள்ளைகளையெல்லாம் பெரிசாக்கி அனுப்பறே. நம்ம புள்ளைய அனுப்பறதுக்கு என்ன கேடு?" என்றான். அவனை எதிர்த்துப் பேசிக் கனகத்துக்குப் பழக்கமில்லை.

அன்று மாரப்பனே மகளுக்குச் சீலை சுற்றிக் கூட்டிவந்து பெஞ்சியில் உட்கார்ந்து இருமினான். கனகம் மகளைக் கொட்டகைக்குப் பின்னால் அழைத்துப் போனாள். நான் அங்கே தொட்டியில் கை கழுவிக்கொண்டிருந்தேன். நடந்த பாடம் இவ்வளவுதான்: "டாக்டரய்யா பெப்பர்மிண்டு குடுத்தா ஒடனே வாயில போட்டுக்கோ கண்ணு. இன்னொண்ணு குடுங்கன்னு கேளு."

குழந்தையம்மாள் தாய் சொல்லைத் தட்டாத பெண். இரண்டு கன்னமும் உப்ப வெளியே வந்தது. பெரியவளான பிறகு வரச் சொல்லிவிட்டாராம் டாக்டர்.

மாரப்பன் அத்தனை பேர் முன்னாலும் கத்தினான். "பெத்த புள்ளைய பெரிசாக்க முடியல, நீயெல்லாம் ஊருக்குச் சொல்லிக் குடுக்கறயா?" காத்திருந்தவர்களில் ஒருத்தி, கனகத்தின் கைராசி போய்விட்டது என்று சொல்லித் தன் பெண்ணை இழுத்துக்கொண்டு நகர்ந்தாள். "ஆமாங்க, போயிருச்சாட்ட இருக்குது" என்று கனகமும் ஒப்புக்கொண்டாள். அன்று பாதி இட்லி மிஞ்சியது. மறுநாள் முதல் மத்தியானத்தில் கம்பங்கூழும் விற்கிறாள். பொழுது சாயும்வரை அடுப்பை விட்டு எழுவதில்லை. எனக்கு அவளைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

கெட்ட பெயர் ஒரு மாதத்துக்கு மேல் தாங்கவில்லை. நேற்று பெரியநாயக்கன்பாளையத்திலிருந்து ஒருவர் தன் பெண்ணோடு வந்திருந்தார். குழந்தையம்மாள் உயரம்தான் இருக்கும். சீலை கட்டியாயிற்று. கொண்டை போட்டாயிற்று. "பெப்பர்மிண்டு குடுத்தா முந்தியில முடிஞ்சுக்கோ" என்பதும் ஆயிற்று. கொட்டகைக்குப் பின்னால் ஆடிக்கொண்டிருந்த குழந்தையம்மாளின் கை தவறி, ஒரு கல் அடுப்போரமாக உருண்டு வந்தது. சீலை கட்டிய பெண் அதை எடுக்கக் குனியப் போயிற்று.

கனகம் வலது கையால் அந்தக் கல்லைப் பொறுக்கி மகளிடம் போட்டாள். இடது கையால் இந்தப் பெண்ணின் தாடையைப் பிடித்து ஆலைக் கதவுப் பக்கம் திருப்பினாள்.